2020 ஏப்ரலில் நின்றுபோன 2,000 ரூபாய்: பி.எம். கிசான் தவணைகளை மீட்பது எப்படி

ஊரடங்கு தொடங்கிய மறுநாள், 2020 மார்ச் 26 அன்று, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். அதில் 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே ஆளுக்கு 2,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடப்படும் என்றும் இருந்தது. அந்தப் பணம் வராமல் போனவர்கள் கிராமத்துக்குக் கிராமம் இருக்கிறார்கள். பலருக்கு அதற்கடுத்த தவணைகளும் நின்றுவிட்டன. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழியைத் தமிழ்நாட்டு விவசாயிகளுக்காக இங்கே எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஊரில் 'கொரோனா பணம்' என்று சொல்லப்படும் அந்த 2,000 ரூபாய்க்குத் தனித் திட்டம் எதுவும் கிடையாது. விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டமான பி.எம். கிசானில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது: ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச். 2020 ஏப்ரல்–ஜூலைக்கு உரிய தவணையைக் அந்தக் காலத்தின் தொடக்கத்திலேயே கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆகவே 'கொரோனா நிவாரணம் வரவில்லை' என்று மனு எழுதினால் எந்த மேசையிலும் அது நகராது. 'பி.எம். கிசான், 2020 ஏப்ரல்–ஜூலை தவணை வரவு வைக்கப்படவில்லை' என்று எழுதினால்தான் அலுவலர் எதைத் தேட வேண்டும் என்பது புரியும்.

இரண்டாவது விஷயம் பெரும்பாலோருக்குத் தெரியாதது. உங்கள் பெயர் எந்த நான்கு மாதக் காலத்தில் பி.எம். கிசான் இணையதளத்தில் பதிவேற்றப்பட்டதோ, அந்தத் தவணை முதல் உங்களுக்கு உரிமை உண்டு. பெயர்ப் பிழை, ஆதார் பிழை, வங்கிக் கோளாறு போன்ற காரணத்தால் பணம் நின்றிருந்தால், அந்தக் கோளாறு நீங்கியதும் நின்ற தவணைகள் எல்லாமே சேர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. தகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பதிவே செய்யாமல் இருந்த காலத்துக்குப் பின்தேதியிட்டுக் கேட்கவும் முடியாது. '2020 பணமா? அது போனது போனதுதான்' என்று யாராவது சொன்னால், நீங்கள் பதிவான தேதியைக் காட்டி இந்த விதியைச் சொல்லுங்கள்.

பாஸ்புக்கில் தொடங்குங்கள்

பணம் உண்மையிலேயே வரவில்லையா என்பதை உறுதிசெய்யாமல் அலைய வேண்டாம். அந்தக் காலத்தில் பலருக்குப் பணம் வந்தது, ஆனால் அவர்கள் பார்க்காத கணக்குக்கு வந்தது. வீட்டில் உங்கள் பெயரில் எத்தனை வங்கிக் கணக்கு இருக்கிறதோ அத்தனைக்கும் 1.4.2020 முதல் 31.7.2020 வரை கணக்கு அறிக்கை வாங்குங்கள். பழைய அறிக்கைக்குச் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் 2,000 ரூபாய் வரவைத் தேடுங்கள். 500 ரூபாயாக ஏப்ரல், மே, ஜூன் என மூன்று வரவுகள் இருந்தால், அது பெண்களின் ஜன்தன் கணக்குகளுக்கு வந்த தனி உதவி. தமிழக அரசு 2020-ல் கொடுத்த 1,000 ரூபாயும், 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாகக் கொடுத்த 4,000 ரூபாயும் ரேஷன் கடையில் ரொக்கமாகக் கையில் கொடுக்கப்பட்டவை. அவற்றைப் பாஸ்புக்கில் தேடிப் பயனில்லை.

2,000 வரவாகி, உடனே பிடித்தமும் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்கில் அபராதக் கட்டணம் சேர்ந்து கிடந்தால், வரும் பணத்தில் அது கழிந்துவிடும். அப்படியிருந்தால் அந்தக் கணக்கைக் குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி கிளையில் எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு சிக்கல் அந்த ஆண்டுக்கே உரியது. 2020 ஏப்ரல் 1 அன்றுதான் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகியிருந்தன. 2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டோடு (வங்கிக் கிளையைக் குறிக்கும் எண்) தளத்தில் பதிவாகியிருந்த கணக்குகள், குறியீடு மாறியபின் திருத்தப்படாமல் இருந்தால் பணம் திரும்பிப் போகும். உங்கள் பாஸ்புக் இந்த வங்கிகளில் ஒன்றுடையதாக இருந்தால், முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

தளத்தில் மூன்று வரிகள்

பி.எம். கிசான் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடியும். வேறு எப்படி முடிந்தாலும் அது போலி. வாட்ஸ்அப்பில் 'பி.எம். கிசான்' என்று ஏ.பி.கே. கோப்பு (செல்போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடவே வேண்டாம். அதை நிறுவினால் உங்கள் ஓ.டி.பி.க்களைத் திருடிக் கணக்கைக் காலி செய்துவிடுவார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

தளத்தில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' பகுதிக்குப் பதிவு எண் வேண்டும். எண் தெரியாவிட்டால் பக்கத்திலேயே உள்ள இணைப்பில் ஆதார் எண்ணோ செல்போன் எண்ணோ கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். நிலைப் பக்கம் திறந்ததும் மூன்று வரிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: 'லேண்ட் சீடிங்' (நில விவரம் ஏறியதா), 'இ-கேஒய்சி' (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததா), 'ஆதார் பேங்க் அக்கவுன்ட் சீடிங்' (வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்ததா). மூன்றுக்கும் நேரே 'எஸ்' இருக்க வேண்டும். எதில் 'நோ' இருக்கிறதோ அங்கேதான் உங்கள் பணம் நிற்கிறது. மூன்றும் சரியாக இருந்தும் பணம் வராவிட்டால், கீழே ஒவ்வொரு தவணைக்கும் எழுதியிருக்கும் குறிப்பைப் பாருங்கள்.

'ஆர்எஃப்டி சைன்டு பை ஸ்டேட்' என்றால் மாநில அரசு உங்கள் பெயரைச் சரிபார்த்துப் பணத்துக்குக் கோரிக்கை அனுப்பிவிட்டது என்று பொருள். 'எஃப்டிஓ ஈஸ் ஜெனரேட்டட்' என்றால் பணம் அனுப்பும் ஆணை உருவாகிவிட்டது, வங்கியின் உறுதிப்பாடு மட்டும் பாக்கி. இந்த இரண்டும் நல்ல செய்தி. பொறுத்திருக்கலாம். ஆனால் பழைய தவணைக்கு நேரே இதே வரி மாதக்கணக்கில் நின்றால் பணம் வங்கி வரை போய்த் திரும்பியிருக்கிறது. 'ஸ்டாப்' என்ற சொல் இருந்தால் மாநிலமோ மாவட்டமோ நிறுத்தி வைத்திருக்கிறது. அதற்கான காரணமும் அங்கேயே இருக்கும். இந்தப் பக்கத்தை அப்படியே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் இந்தத் தாள் இல்லாமல் அலுவலகம் போனால், 'போய்ப் பார்த்துட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பப்படுவீர்கள்.

பெயரும் இனிஷியலும்

தமிழ்நாட்டில் பணம் நிற்பதற்கு இனிஷியல் ஒரு பெரிய காரணம். பட்டாவில் 'முருகேசன், த/பெ கந்தசாமி' என்று இருக்கும். ஆதாரில் 'முருகேசன் கே'. வங்கியில் 'கே.முருகேசன்'. தளத்தில் பதிவு செய்தவர் 'முருகேசன் கந்தசாமி' என்று அடித்திருப்பார். மனிதருக்கு நாலும் ஒன்றுதான், கணினிக்கு நாலு பேர். 2019 டிசம்பர் 1-க்குப் பிறகான தவணைகளுக்கு ஆதார் விவரம் ஒத்துப்போவது கட்டாயமானது. அதற்கு நான்கே மாதத்தில் ஊரடங்கு வந்தது. இ-சேவை மையமும் அலுவலகமும் பூட்டிக் கிடந்த அந்தச் சமயத்தில் திருத்த வழியில்லாமல் சிக்கியவர்கள் ஏராளம்.

எல்லாவற்றுக்கும் ஆதாரையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, தளத்தில் மாற்ற வேண்டும். ஆதாருக்கு ஏற்பப் பெயரைத் திருத்தும் வசதி தளத்திலேயே உண்டு. முடியாவிட்டால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் திருத்தித் தருவார்கள். ஆதாரிலேயே பிழை இருந்தால் அதை முதலில் திருத்திவிட்டு மற்றதைத் தொடுங்கள். மாற்றி மாற்றித் திருத்தினால் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பு முதலிலிருந்து தொடங்கும்.

இ-கேஒய்சிக்கு மூன்று வழி உண்டு. ஆதாரோடு இணைந்த செல்போன் இருந்தால் ஓ.டி.பி. மூலம் தளத்திலேயே முடியும். இல்லாவிட்டால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்தவர்களுக்கு, பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டி முடிக்கும் வழி இருக்கிறது. கைரேகை பலமுறை தவறினால் நாள் முழுக்க அங்கே நிற்காமல் இந்த வழிக்கு மாறுங்கள்.

நிலம்

'லேண்ட் சீடிங் நோ' என்றால் உங்கள் பட்டா விவரம் தளத்தில் ஏறவில்லை, அல்லது பொருந்தவில்லை. தமிழக அரசின் நில ஆவணத் தளமான இ-சர்வீசஸில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்துச் சிட்டாவைப் பதிவிறக்குங்கள். அதில் பார்க்க வேண்டியது மூன்று: உங்கள் பெயர் இருக்கிறதா, உட்பிரிவு எண் சரியா, பரப்பு சரியா. பரப்பு ஹெக்டேர்–ஏர்ஸ் கணக்கில் இருக்கும். '0 - 40.50' என்றால் நாற்பதரை ஏர்ஸ், அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கர். 1 ஏர் சுமார் 2.47 சென்ட். பதிவு செய்தவர் ஏக்கரை ஹெக்டேர் கட்டத்தில் அடித்துவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. ஒரு ஏக்கர்காரர் தளத்தில் ஒரு ஹெக்டேர்காரர் ஆகிவிடுவார், சிட்டாவோடு பொருந்தாது.

பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் பணம் வராது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்துப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயர் இருந்தால் போதும். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கினால்தான் பணம் என்று சொல்லிச் செலவு வைப்பவர்களை நம்ப வேண்டாம். கூட்டாக உடைமை உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமை உண்டு. குடும்பம் என்பது கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள். ஒரே குடும்பத்தில் கணவனும் மனைவியும் தனித்தனியாக வாங்கினால் இரண்டுமே நிறுத்தப்படலாம்.

இதில் கடினமான விதி ஒன்று இருக்கிறது. 1.2.2019 அன்று நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப்பின் கிரயம் வாங்கிய நிலத்துக்குப் பணம் கிடையாது. உடைமையாளர் இறந்து வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டுமே விலக்கு. நம் ஊர்களில் அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதுவது வழக்கம். அப்படி எழுதிய தேதி 1.2.2019-க்குப் பிந்தியதாக இருந்தால் அந்த விலக்கில் அது அடங்காது. விண்ணப்பித்து அலைவதற்கு முன் பத்திரத்தின் தேதியைப் பாருங்கள்.

பட்டா இல்லாத குத்தகை விவசாயிக்கு இத்திட்டத்தில் இடமே இல்லை. டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுபவர்கள் ஊரடங்கில் விளைச்சலை விற்க முடியாமல் தவித்தபோது, இந்த 2,000 ரூபாய் அவர்களை எட்டவில்லை. நிவாரணத்தை நில ஆவணத்தோடு மட்டும் கட்டிவைத்ததன் பெரிய குறை இது. அவர்கள் இங்கே விண்ணப்பித்து நேரம் இழக்க வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு) வாங்கிப் பயிர்க் காப்பீட்டுக்கும் கிசான் கடன் அட்டைக்கும் முயலலாம். இரண்டிலும் குத்தகைதாரருக்கு இடம் உண்டு.

வங்கியில் கேட்க வேண்டிய கேள்வி

'ஆதார் இணைச்சாச்சா?' என்று வங்கியில் கேட்டால் 'ஆச்சு' என்றுதான் பதில் வரும். அதோடு வந்துவிட வேண்டாம். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது ஒன்று. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று தேசியப் பணப் பட்டுவாடாக் கழகத்தின் (என்பிசிஐ) பட்டியலில் ஆதார் ஏறியிருப்பது வேறொன்று. பி.எம். கிசானுக்கு இரண்டாவதுதான் வேண்டும். 'என்பிசிஐ மேப்பிங் ஆகியிருக்கிறதா, எந்த வங்கிக்கு?' என்று கேளுங்கள். மை ஆதார் தளத்தில் நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பகுதியில் நீங்களே பார்க்கவும் முடியும். அங்கே வங்கியின் பெயரும் செயல்பாட்டில் உள்ளதா என்பதும் தெரியும்.

ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் அந்தப் பட்டியலில் நிற்கும். கடைசியாக எதில் ஏற்றினீர்களோ அதற்கே பணம் போகும். நகைக்கடனுக்கோ நூறு நாள் வேலைச் சம்பளத்துக்கோ வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கியபோது நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அன்றோடு பி.எம். கிசான் பணமும் அங்கே போய்ச் சேர ஆரம்பித்திருக்கும். மாற்ற வேண்டுமானால் விரும்பும் வங்கியில் ஆதார் இணைப்பு ஒப்புதல் படிவம் கொடுத்து, அதில் முந்தைய வங்கியின் பெயரையும் எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சில நாள் கழித்து மை ஆதாரில் மறுபடி பாருங்கள்.

இரண்டு ஆண்டு உங்கள் பக்கத்திலிருந்து எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். நூறு ரூபாய் போட்டு எடுப்பது, கே.ஒய்.சி. தாள்களைப் புதுப்பிப்பது இரண்டையும் செய்து உயிர்ப்பியுங்கள்.

கைரேகை வைத்து வங்கி முகவரிடமோ தபால்காரரிடமோ பணம் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் ரசீது கேட்டு வாங்குங்கள். 'தோல்வி' என்று வந்தாலும் அதற்குரிய சீட்டும் வேண்டும். கணக்கில் பிடித்தம் ஆகி, பணம் கைக்கு வராவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. சீட்டு இல்லாவிட்டால் எதையும் நிரூபிக்க முடியாது.

தகுதியில்லை என்று நிறுத்தியிருந்தால்

அரசு ஊழியர், ஓய்வுபெற்ற ஊழியர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர், பதிவுபெற்றுத் தொழில் செய்யும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோருக்கு இத்திட்டம் இல்லை. கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் இந்தத் தடை கிடையாது. உங்களைக் கடைநிலை ஊழியர் என்று தெரியாமல் நிறுத்தியிருந்தால் பணிச் சான்றோடு முறையிடுங்கள். வங்கிக் கடனுக்காக வருமானக் கணக்கு தாக்கல் செய்துவிட்டு, வரி எதுவும் கட்டாதவர்களும் சில நேரம் இதில் மாட்டுகிறார்கள். விதி சொல்வது வரி கட்டியவரை. வரி பூஜ்ஜியம் என்று காட்டும் ஒப்புகைத் தாளை இணைத்து மனுக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் பெயர் நின்றதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. ஊரடங்குக் காலத்தில் விவசாயிகளே பதிவு செய்யும் வசதியையும் அலுவலகக் கடவுச்சொற்களையும் தவறாகப் பயன்படுத்தி, நிலமே இல்லாத சுமார் 5.5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டது 2020 ஆகஸ்டில் வெளியானது. ஏறத்தாழ 110 கோடி ரூபாய். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் அதில் அதிகம் பேசப்பட்டன. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, பணம் கணக்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 'கொரோனா உதவி வாங்கித் தருகிறேன்' என்று தரகர் ஆதார் நகல் வாங்கிப் போய்ச் சேர்த்துவிட்டவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அப்படிச் சேர்க்கப்பட்டு வாங்கியவர்கள், தளத்தில் உள்ள திருப்பிச் செலுத்தும் பகுதி வழியாகக் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. உண்மையான விவசாயி அந்தச் சரிபார்ப்பில் நிறுத்தப்பட்டிருந்தால், சிட்டா, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, பதிவு எண் மூன்றையும் வைத்து மறுபடி கள ஆய்வு கேட்கலாம்.

யாரிடம், எந்த வரிசையில்

முதலில் உங்கள் ஊருக்குரிய உதவி வேளாண்மை அலுவலர். வேளாண் டெப்போவில் (விரிவாக்க மையம்) அவர் வரும் நாளைக் கேட்டுப் போங்கள். தளத்தில் திருத்தும் அதிகாரம் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இருக்கும். எழுத்து மனுவாக இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மனுவில் பதிவு எண், ஆதாரின் கடைசி நான்கு இலக்கம், வராத தவணைகளின் காலம், நிலைப் பக்கத்தில் உள்ள குறிப்பு, எந்தக் கோளாறை எந்தத் தேதியில் சரிசெய்தீர்கள் என்பது இருக்க வேண்டும். நிலைப் பக்க அச்சு, சிட்டா, வங்கி அறிக்கை, பேங்க் சீடிங் பக்கம் ஆகியவற்றை இணையுங்கள். ஆதாரின் முழு நகலில் 'பி.எம். கிசான் மனுவுக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

155261 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். கோளாறு எங்கே என்று அவர்கள் சொல்வார்கள், திருத்துவது உள்ளூர் அலுவலகம்தான். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் முத்திரையிட்ட நகலைக் காட்டி மனுக் கொடுங்கள். வேளாண்மை இணை இயக்குநர் அங்கே எதிரிலேயே இருப்பார். ஒரே கோளாறில் ஊரில் பத்துப் பேர் நின்றால் ஒரே பட்டியலாகக் கொடுப்பது பலன் தரும். ஒவ்வொருவரின் பதிவு எண்ணும் குறிப்பும் அதில் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஏன் வரவில்லை' என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும். 'இந்தப் பதிவு எண்ணுக்கு 2020 ஏப்ரல்–ஜூலை முதல் இன்றுவரை ஒவ்வொரு தவணைக்கும் ஆர்எஃப்டி கையெழுத்தான தேதி, எஃப்டிஓ தேதி, பணம் திரும்பியிருந்தால் வங்கி சொன்ன காரணம், நிறுத்தியிருந்தால் அந்த உத்தரவின் நகல்' என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலில் எந்தத் தவணைக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறதோ, அதைச் சரிசெய்த சான்றோடு நிலுவை மனுவைப் புதுத் தேதியிட்டு அதே அலுவலகத்தில் மறுபடி கொடுங்கள்.